ராக் பாட்டில் வரும் ‘நீ’ யார்? பிரிவும் சாவும் பேசும் வரிகளைப் படிக்கும் முறை

கேள்வி இதுதான்: பெங்களூர் அல்சூர் பக்கம் ஏழெட்டுத் தமிழ் நண்பர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடி ராக் பாட்டு கேட்கிறார்கள். வரிகளைப் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் ‘இது செத்துப்போனவரைப் பற்றிய பாட்டு’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘பிரிந்துபோனவரைப் பற்றியது’ என்கிறார்கள். கடைசியில் யாராவது கைப்பேசியில் தேடி, பாடகர் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் படித்துக் காட்டியதும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. வரிகளை வைத்தே படிக்க வழி உண்டா?

உண்டு. முதலில் அந்தக் கைப்பேசித் தேடலைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். பாடகரின் வாழ்க்கைச் சம்பவம் கைக்கு வந்ததும் பாட்டு வெறும் சாட்சிக் கையெழுத்தாகிவிடும், யாரும் வரியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதற்கான கருவியும் தமிழ் படித்தவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளியில் குறுந்தொகை நடத்தும்போது பாட்டோடு ஒரு குறிப்பு வருமே, தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று. அதுதான் கூற்று. யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்பது தெரியாமல் அகப்பாட்டில் பாதி புரியாது. ராக் பாட்டுக்கு இந்தக் குறிப்பை யாரும் எழுதித் தருவதில்லை. உங்கள் கூட்டத்தின் முதல் வேலை அதை எழுதுவதுதான். பிரிவுப் பாட்டும் சாவுப் பாட்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்: பதில் சொல்லாத ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது அதனால்தான். பதில் ஏன் வரவில்லை என்பதைப் பாட்டு எங்காவது காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

வரிகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பாட்டு வரிகளில் பல, ரசிகர்கள் காதால் கேட்டுத் தட்டியவை. ஒரு ‘அவர்’ ‘அவள்’ ஆகியிருந்தால் கூற்றே மாறிவிடும். ஆல்பத்தோடு வந்த, வரிகள் அச்சான உள்ளட்டை இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டு, வேறுபடும் சொல்லைப் பாட்டை ஓட்டிச் சரிபாருங்கள். இரண்டு வரிக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்து, வரிகளுக்கு எண் போடுங்கள். இந்த எண்தான் பின்னால் சண்டையைத் தீர்க்கும். ‘நான்’ வருமிடத்தில் ஒரு நிறம், ‘நீ’க்கு ஒரு நிறம், ‘நாம்’ வந்தால் மூன்றாவது நிறம், ‘அவர்’, ‘அவர்கள்’ வந்தால் வெறும் அடிக்கோடு. பத்து நிமிட வேலை. தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தாலே நிறம் எங்கே மாறுகிறது என்று தெரியும். பெரும்பாலான பாட்டுகளில் விஷயம் அந்த இடத்தில்தான் இருக்கும்.

கேட்பது மூன்று தடவை. முதல் தடவை தாள் இல்லாமல். இரண்டாம் தடவை தாளோடு. மூன்றாம் தடவை சொல்லை விட்டுவிட்டு ஒலியை மட்டும்: டிரம் எங்கே நுழைகிறது, குரல் எங்கே பின்வாங்குகிறது, முடிவில் இசை வெட்டி நிற்கிறதா தேய்ந்து போகிறதா. பப்பிலோ காரிலோ கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் தடவையே கஷ்டமாக இருக்கும். பல்லவி மட்டும் மனப்பாடமாக இருக்கும், சரணத்தில் என்ன சொல்கிறான் என்று அதுவரை கவனித்திருக்க மாட்டார்கள். தவறான வாசிப்பில் பெரும்பகுதி இந்தப் பல்லவிக் காதால் வருவது.

இனி வினைச்சொற்கள். ‘நீ’ என்ன செய்கிறார் என்று பாருங்கள். வா, மன்னித்துவிடு, கதவைத் திற, ஒரு போன் பண்ணு என்று ஏவல் இருந்தால் அந்த ‘நீ’ பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார், கோபத்திலோ தூரத்திலோ இருக்கிறார். ‘நீ’யின் வினையெல்லாம் இறந்தகாலமாகவோ ‘இருந்திருந்தால்’, ‘பார்த்தால்’ என்ற நிபந்தனையாகவோ இருந்தால் அவர் திரும்பி வர முடியாத இடத்தில் இருக்கிறார். ‘நீ’யின் மனதுக்குள் ஓடுவதெல்லாம் பாடுகிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அவர் கண்ணாடி முன்னால் நின்று தன்னிடமே பேசிக்கொண்டிருக்கலாம். இந்தச் சோதனை தவறும் இடம் ஒன்று உண்டு, நம் ஊர் ஒப்பாரி கேட்டவர்களுக்கு அது உடனே தெரியும். துக்கம் பச்சையாக இருக்கும்போது செத்தவரையே ‘எந்திரிச்சு வா’ என்று ஏவுவார்கள், ‘என்னை விட்டுட்டுப் போயிட்டியே’ என்று சண்டை பிடிப்பார்கள். ஆகவே ஏவல் இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஏவியது நடக்கக்கூடிய காரியமா என்றும் பாருங்கள்.

எரிக் கிளாப்டனின் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ நிபந்தனை வகைக்குச் சுத்தமான உதாரணம். நான்கு வயது மகன் கானர் 1991 மார்ச் 20 அன்று நியூயார்க்கில் 53ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்தான். வில் ஜென்னிங்ஸோடு சேர்ந்து கிளாப்டன் எழுதிய பாட்டு 1992இல் வெளியானது. இந்தச் செய்தி எதுவும் தெரியாமல் படித்தாலும் கூற்றை எழுதிவிடலாம். ‘நீ’ பற்றி வருவதெல்லாம் ‘சொர்க்கத்தில் உன்னைப் பார்த்தால்’ என்ற நிபந்தனையில் தொங்கும் கேள்விகள். அப்பா கேட்பது என்ன? என் பெயர் உனக்குத் தெரியுமா, என் கையைப் பிடிப்பாயா என்பதுதான். கட்டி அணைக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதுவும் இல்லை. அடையாளம் தெரிந்தாலே போதும் என்கிற அளவுக்கு ஆசை சுருங்கியிருக்கிறது. ‘சோகமான பாட்டு’ என்று சொல்வதைவிட, ஆசை இவ்வளவு சுருங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டுவதுதான் வாசிப்பு.

நீங்கள் எப்படியும் எடுக்கப்போகிற பாட்டு பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975), அதனால் அதில் கொஞ்சம் நிற்கலாம். தலைப்பு வரி (‘நீ இங்கே இருந்தால் நன்றாயிருக்குமே’) பல்லவி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாளில் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பல்லவியே இந்தப் பாட்டில் கிடையாது. ஏக்கம் ஒரே பத்தியில், கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கேள்வி. முதலில் ‘நீ’யைப் பார்த்துக் கொஞ்சம் குத்தலாகக் கேட்கிறான்: உனக்கு வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறாயா, சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும், உண்மைச் சிரிப்புக்கும் முகமூடிக்கும்? இது துக்கம் விசாரிக்கிற தொனி இல்லை, சவால். அடுத்து ‘அவர்கள்’ நுழைகிறார்கள். உன்னைப் பண்டமாற்றுச் செய்ய வைத்துவிட்டார்களா என்ற கேள்வி. போரில் சின்ன வேடத்தைக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் கதாநாயகன் வேடத்தை வாங்கிக்கொண்டாயா என்கிறபோது, கேட்கிறவனும் அதே கூண்டைத் தெரிந்தவன் என்ற சந்தேகம் வர வேண்டும். அதன் பிறகே ‘நான்’ வருகிறது, உடனே அடுத்த வரியில் ‘நாம்’. மீன்தொட்டியில் நீந்தும் இரண்டு பேர், வருஷக்கணக்காக ஒரே தடத்தில். நீ, அவர்கள், நான், நாம்: நிறம் மாறும் வரிசை இது. பாடுகிறவன் வெளியில் நின்று, தொலைந்துபோன நண்பனுக்காக ஏங்குகிறான் என்ற வாசிப்பு இந்த ‘நாம்’ வந்ததும் நிற்காது. அவனும்தான் தொலைந்திருக்கிறான்.

ஒலியையும் சேர்த்தால் இது உறுதிப்படும். தொடக்கத்தில் வானொலியில் நிலையம் மாற்றும் இரைச்சல், பிறகு வானொலிக்குள்ளிருந்து வருவது போலச் சன்னமாக ஒரு கிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருவர் வாசிப்பது போல இன்னொரு கிட்டார் சேர்கிறது. நடுவில் ஓர் இருமல்கூடக் கேட்கும். இரண்டு கிட்டாரையும் வாசித்தவர் குழுவின் டேவிட் கில்மர்தான். ஆனால் காதுக்கு ஒருவர் வானொலிக்குள்ளும் ஒருவர் அறைக்குள்ளும் இருக்கிறார்கள். இவர் அவரோடு சேர்ந்து வாசிக்கலாம், அவருக்கு இவர் வாசிப்பது கேட்காது. பாட்டின் விஷயம் ஒரு சொல் வரும் முன்னாலேயே சொல்லப்பட்டுவிட்டது. முடிவில் காற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடுகிறது.

இப்போது வாழ்க்கை வரலாற்றுக்கு வரலாம். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968இல் விலகினார். 1975 ஜூனில் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு அவர் திடீரென்று வந்தபோது, தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்து இருந்ததால் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இது உண்மை. ஆனால் ‘அவரை அப்படிப் பார்த்த பிறகு எழுதினார்கள்’ என்று உலவும் கதை தவறு. அவரை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ 1974லேயே மேடையேறிவிட்டது. இன்னொன்று: பாரெட் இறந்தது 2006 ஜூலை 7இல், பாட்டு வந்து 31 ஆண்டு கழித்து. ஆக உங்கள் கூட்டத்தில் ‘செத்தவரைப் பற்றியது’ என்றவர்கள் இந்தப் பாட்டில் தோற்கிறார்கள். எதிர்க்கட்சியும் முழுதாக ஜெயிக்கவில்லை, ஏனென்றால் ‘நாம்’ என்ற சொல்லை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். இந்தப் பாட்டை இரங்கல் கூட்டத்தில் பாடலாமா என்றால் தாராளமாகப் பாடலாம். பாட்டைப் பயன்படுத்துவது வேறு, அது என்ன சொல்கிறது என்பது வேறு.

தொடர்பு அறுந்ததும் சாவும் ஒரே பாட்டில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் மைக் அண்ட் த மெக்கானிக்ஸின் ‘தி லிவிங் இயர்ஸ்’ (1988). அப்பாவிடம் பேச வேண்டியதைப் பேசாமலேயே விட்டுவிட்ட மகன். அப்பா இறந்த காலையில் அவன் அங்கே இல்லை. இதில் நிறம் போட்டுப் பார்த்தால் ஒன்று கண்ணில் குத்தும்: அப்பா கடைசிவரை ‘அவர்’தான். ‘நீ’ என்று வருமிடத்திலெல்லாம் கேட்கிற நமக்கு அறிவுரை, இல்லாவிட்டால் பொதுவாகச் சொல்வது. இறந்த பிறகு, பாட்டில்கூட, மகனால் அப்பாவை முன்னிலையில் அழைக்க முடியவில்லை. நம் வீடுகளில் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அம்மா வழியாகச் சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எழுதியவர்கள் மைக் ரதர்ஃபோர்டும் பி. ஏ. ராபர்ட்சனும், இருவரும் தந்தையை இழந்தவர்கள். பாடிய பால் கேரக் தன் பதினோராவது வயதில் தந்தையை இழந்தவர். மூன்று பேருடைய இழப்பு ஒரே ‘நான்’க்குள் இருக்கிறது. ‘பாடகரின் சொந்தக் கதை’ என்று ஒருவர் தலையில் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

அந்த ஆபத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், கூட்டங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். குவீனின் ‘த ஷோ மஸ்ட் கோ ஆன்’ (1991) வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பிரையன் மே. பாடிய ஃப்ரெடி மெர்குரி அந்த ஆண்டு நவம்பர் 24இல் இறந்தார். சாகப்போகிறவரின் வாயில் நண்பர் எழுதிவைத்த வார்த்தைகள் அவை. அதை மெர்குரியின் வாக்குமூலமாகப் படித்தால் அந்த நட்பு விடுபட்டுப்போகும். ‘ஹர்ட்’ என்ற பாட்டு இன்னும் தெளிவு. 1994இல் நைன் இஞ்ச் நெயில்ஸுக்காக ட்ரென்ட் ரெஸ்னர் எழுதியபோது அது தன்னையே சிதைத்துக்கொள்ளும் இளைஞனின் குரல். 2002இல் எழுபது வயதில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடினார். கிரீடத்தைப் பற்றிய வரியில் ஒரு வசைச்சொல்லை எடுத்துவிட்டு முள்கிரீடம் ஆக்கினார், மற்றதெல்லாம் அதேதான். எனக்குத் தெரிந்த எல்லோரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்ற வரி இளைஞன் வாயில் ‘என்னை விட்டு விலகுகிறார்கள்’, கிழவர் வாயில் ‘செத்துப்போகிறார்கள்’. சொல் மாறாமல் பிரிவு சாவாகிறது. இரண்டு பதிவையும் அடுத்தடுத்து ஓட்டினால் பதினைந்து நிமிட விளக்கம் மிச்சம்.

எழுதியவரின் நோக்கமே கடைசித் தீர்ப்பா? ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் ‘டோன்ட் ஃபியர் த ரீப்பர்’ (சாவுக்குப் பயப்படாதே என்று அர்த்தம், 1976) பாட்டை ஜோடித் தற்கொலைக்கு அழைப்பு என்று படித்தவர்கள் ஏராளம். சாவுக்குப் பிறகும் தொடரும் காதலைத்தான் எழுதினேன் என்று அதை எழுதிய டொனால்ட் ரோசர் சொல்லிவந்திருக்கிறார். வரிகளில் ரோமியோ ஜூலியட் பெயரை இழுத்துவிட்டு, பயப்படாதே வா என்றும் அழைத்தால், கேட்டவர்கள் அப்படி நினைத்ததைக் குற்றம் சொல்ல முடியாது. என் தீர்ப்பு: ரோசர் சொல்வது பாட்டுக்குப் பொருந்துகிறது, மற்ற வாசிப்புக்கும் வரி எண் காட்ட முடிகிறது, அதற்குப் பொறுப்பு எழுதியவருடையது. அதில் தினமும் நாற்பதாயிரம் பேர் என்று ஒரு கணக்கு வரும். அது அவர் உத்தேசமாகப் போட்டது. எழுபதுகளில் உலகத்தில் ஒரு நாளைக்கு இறந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணுக்குள் ரகசியம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கூட்டமும் பொருளை மாற்றும். பெர்ல் ஜாமின் ‘அலைவ்’ (1991) பாட்டில் ‘இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்பது அதை எழுதிப் பாடிய எடி வெட்டருக்குச் சாபம். அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, உண்மையான அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று பதின்வயதில் தெரிந்துகொண்ட பையனின் பாட்டு அது. அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதே வரியைக் கொண்டாட்டமாகக் கத்திக் கத்தி, அந்தச் சாபத்தையே நீக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். 2007இல் அயர்ன் மெய்டன் கச்சேரிக்கோ 2011இல் மெட்டாலிகா கச்சேரிக்கோ பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் நின்றவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் இது எப்படி நடக்கும் என்று அவர்களையே கேளுங்கள். தாளில் இருக்கும் ‘நான்’ வேறு, ஐம்பதாவது வரிசையில் நின்று கத்தும் ‘நான்’ வேறு.

படிமங்களில் ஒரு எச்சரிக்கை. நாம் வளர்ந்த ஊரின் அர்த்தத்தைப் பாட்டுக்குள் கொண்டுபோய்விடுவோம். நமக்குக் காகம் சோறு வைக்க வேண்டிய முன்னோர், அந்தப் பாட்டுகளில் பிணந்தின்னிப் பறவை. மழை நமக்கு நல்ல சகுனம், இங்கிலாந்துக்காரன் பாட்டில் மழை பெய்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் யாரோ தனியாக இருக்கிறார்கள். ஆற்றைக் கடப்பது, வாசல் திறப்பது, பள்ளத்தாக்கில் நடப்பது எல்லாம் பைபிளிலிருந்து தேவாலயப் பாட்டு வழியாக வந்த சாவுக் குறிகள். பிரேசர் டவுன் பக்கம் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் யாராவது குழுவில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், இந்த இடங்களை அவர் முதலில் பிடித்துவிடுவார்.

நம்மிடமிருந்து தாராளமாகக் கொண்டுபோகக்கூடிய கருவி காலத்தைப் பற்றியது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியது, 112ஆம் பாட்டு, ஐந்தே அடி. ‘அற்றைத் திங்கள்’ எங்களுக்கு அப்பா இருந்தார், குன்று எங்களுடையது. ‘இற்றைத் திங்கள்’ குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. இரண்டு காலத்திலும் மாறாமல் இருப்பது நிலவு, வலிப்பதும் அதனால்தான். எந்த இழப்புப் பாட்டை எடுத்தாலும் போனது என்ன என்று கேட்பதோடு மாறாமல் கிடப்பது எது என்றும் கேளுங்கள். ‘விஷ் யூ வேர் ஹியர்’இல் அது அதே பழைய தடமும் அதே பயமும். ‘தி லிவிங் இயர்ஸ்’இல் குழந்தையின் அழுகையில் கேட்கும் அப்பாவின் எதிரொலி. மாறாத பொருள் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் அந்தப் பாட்டு வெறும் புலம்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட பாட்டுகள் ராக்கில் நிறையவே உண்டு.

டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’ போன்றவற்றைக் கொஞ்ச நாள் கழித்து எடுங்கள். ஆல்பம் 2016 ஜனவரி 8இல், அவருடைய 69ஆம் பிறந்தநாளில் வந்தது. 10ஆம் தேதி இறந்துவிட்டார். ‘லாசரஸ்’ பாட்டை 9ஆம் தேதி கேட்டவருக்கு அது புதிர், 11ஆம் தேதி கேட்டவருக்கு விடைபெறுதல். செய்தி தெரிந்த காதை நாம் இனித் தெரியாத காதாக்க முடியாது. கூற்று எழுதிப் பழகாமல் இங்கே வந்தால் எல்லா வரியும் சாவாகவே கேட்கும்.

நடைமுறையில் ஒரு விஷயம். தற்கொலை எண்ணத்தைப் பேசும் பாட்டுகளை எடுக்கும் நாளில், முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். யாராவது திடீரென்று அமைதியானால் அலசலை நிறுத்திவிட்டு அவரோடு பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, அந்தத் திட்டத்தின் தலைமை மையம் உங்கள் ஊர் நிம்ஹான்ஸ்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டு போதும், இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறையாகும். முதல் மாதம் ‘தி லிவிங் இயர்ஸ்’, அதில் ‘அவர்’, ‘நீ’ குழப்பமில்லாமல் பிரிந்து கிடக்கிறது. அடுத்து ‘விஷ் யூ வேர் ஹியர்’. மூன்றாவதாக ‘ஹர்ட்’, இரண்டு பதிவும். பேச்சு முடியும்போதும் இரண்டு கட்சி இருந்தால் இருக்கட்டும். இரண்டு கூற்றையும் தாளின் அடியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைத் தாங்கும் வரி எண்களைப் போடுங்கள். எண் எதுவும் கிடைக்காத கூற்றை மட்டும் அடித்துவிடுங்கள்.